தமிழிலே வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்

நம் நாலந்தாவை ஊடறுத்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவை நாம் நாடோறும் மிதிக்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோரின் பாதையும் இதுவே. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அவர்களுள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். தம் உடலுக்கு நேர்ந்தது இன்னதென்று அறியாமலே மாண்டனர். அதே ஆண்டுகளில், இத்தீவின் வடகோடியிலே, மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் தமிழிலே எடுத்துரைக்க முற்பட்டார் ஓர் அமெரிக்கர். அவர்தாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே, 1822ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நல்லூரிலே நம் ஆறுமுக நாவலர் அவதரித்ததும் அதே 1822ஆம் ஆண்டிலேதான். ஒருவர் சைவம் வளர்க்க உழைத்தார். மற்றவர் கிறிஸ்தவம் பரப்ப வந்தார். நோக்கம் வேறாயினும், தமிழ் உரைநடைக்கு இருவரும் ஆற்றிய தொண்டு பெரிது.

நியூயோர்க்கிலே வைத்தியம் கற்றுத் தேறிய கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராய் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயிலே தங்கி, நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கருக்கு வைத்தியமும் கற்பிக்கலானார். முதலிலே ஆங்கிலத்திற்றான் கற்பித்தார். கற்றுத் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளர் முன்போலவே கைவிடப்பட்டனர். இதைக் கண்டு அவர் மனம் நொந்தார். தாய்நாடு சென்று 1862இல் மனைவியோடு மீண்டு வந்தவர், 1864 தொடக்கம் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் நம்பிக்கை. தம் மாணாக்கர் ஆங்கில உடையும் நடையும் பூணாது, தமிழராகவே வாழவேண்டும் என்பதும் அவர் விருப்பம். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! அங்காதிபாதம், சுகரணம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் எனத் துறைதோறும் தாமும் மாணாக்கருமாய் மொழிபெயர்த்தார். அங்காதிபாதம் உறுப்புக்களின் அமைப்பைக் கூறுவது. சுகரணம் அவற்றின் தொழிலைக் கூறுவது. கலைச்சொல் வேண்டியபோது தமிழில் உண்டோ என்று முதலிற் பார்த்தார். இல்லையேல் வடமொழியை நாடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைத்தார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இவ்வாறுதான்.

மிஷன் பாடசாலையிற் பயின்று, இன்று பல்கலைக்கழகத்திலே உடற்கூறு படிக்கும் நாம், இதன் அருமையை நன்கு உணர்கின்றோம். இதயத்தினின்று நாடிகள் வழியே சென்ற இரத்தம் நாளங்கள் வழியே மீண்டு, நுரையீரலிற் பிராணவாயு பெற்று மறுபடியும் இதயத்தை அடைகின்றது. இவ்வளவையும் நம் பாட்டிக்கு விளங்கும்படி தமிழிலே சொல்ல வல்லோமாயின், அப்போதே நாம் அதைக் கற்றவராவோம்.

வாந்திபேதி பரவிய காலத்திலும் கிறீன் ஓயாது உழைத்தார். அசுத்த நீரே அந்நோய்க்கு வழி என்பதை 1854இல் லண்டனிலே ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். அதன் கிருமியை 1884இல் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் உறுதிப்படுத்தினார். உடலின் நீரும் உப்பும் வற்றுவதாலேயே நோயாளி இறக்கின்றான். கொதித்தாறிய நீரும், உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த பானமும் எத்தனையோ உயிரைக் காக்கும் என்பதை இன்று அறிவோம். அவ்வறிவு அன்று இவ்வழி நடந்த நம் முன்னோரை எட்டவில்லை.

கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும் தமிழ்ப்பணியை விட்டாரில்லை. மனுஷ சுகரணம் என்ற நூல் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதத்திலே அவர் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டுக்கொண்டார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நம் மதத்தை மாற்ற வந்தவரை இந்து வாலிபர் மலரிற் போற்றலாமா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். நன்றி மறவாமை நம் சமயம் கற்பித்த அறமன்றோ? அவருடைய மதத்தை ஏற்காமலே அவருடைய உழைப்பை ஏற்கலாம்.

திடீர் மரணம் நேர்ந்த வீட்டிலே, மரண விசாரணையின் முடிவைக் கேட்டு நிற்கும் தாயை எண்ணிப் பாருங்கள். தன் மகன் எதனால் இறந்தான் என்பது அவளுக்கு அவள் மொழியில் விளங்கவேண்டும். அஃது அவள் உரிமை. வைத்தியம் கற்கும் நம் வாலிபர் ஒவ்வொருவரும், கற்றதைத் தம் ஊரார்க்குத் தமிழிலே சொல்லப் பழகுவோமாக. கிறீன் பெருமகனுக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவேயாகும்.