இரசாயனம் கற்று வைத்தியரானவர்: சேர் உபேந்திரநாத் பிரமச்சாரி

மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 1848 ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்த நாள் முதலாக, தம் மகன் வைத்தியனாதல் வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பெருவிருப்பமாக இருந்து வருகின்றது. தென்மராட்சியும் அதற்கு விலக்கன்று. ஆயின் அவ்வழியிற் செல்லும் மாணவனை ஒரு வினா இடைமறிப்பதுண்டு. வைத்தியக் கல்லூரி புகுமுன் விஞ்ஞானத்தில் ஒரு பட்டம் பெறுதல் நன்றா, அன்றி நோயாளரிடையே பணிசெய்து அனுபவம் பெறுதல் நன்றா என்பதே அது. முதற்பட்டம் பெற்ற பின்னரே வைத்தியம் பயிலும் வழக்கமுள்ள அமெரிக்காவில் இவ்வினா பெரிதும் எழுவது இயல்பு. நம் நாட்டில் உயர்தரப் பரீட்சை முடித்தோர் நேரே வைத்திய பீடம் புகுவர். எனினும், ஆங்கு இடம் பெறாது விஞ்ஞான பீடம் செல்லும் மாணவன், தன் காலம் வீணாகின்றதோ என்று கவலைகொள்வதை ஆசிரியராயுள்ளோர் நன்கறிவர். அவன்பொருட்டு இங்கு ஒரு பெரியாரின் வரலாறு கூறப்படுகின்றது.

உபேந்திரநாத் பிரமச்சாரி 1873 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 19 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீலமணி பிரமச்சாரி இரயில்வே வைத்தியர். வைத்தியர் மகன் வைத்தியமே நாடுதல் இயல்பு. ஆயினும் இளைஞர் ஊக்ளிக் கல்லூரியிற் கணிதத்தையும் இரசாயனத்தையும் சிறப்புப் பாடங்களாகக் கற்று, 1893 இல் பி. ஏ. பட்டம் பெற்றார். வைத்தியத்தை நாடிய பின்னும் இரசாயனத்தைக் கைவிட்டாரல்லர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பயின்று 1894 இல் இரசாயனத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் அக்கல்லூரியில் இரசாயனம் போதித்து வந்த காலம் அது. பின்னர் 1899 இல் எல். எம். எஸ்., 1900 இல் எம். பி., 1902 இல் எம். டி. ஆகிய வைத்தியப் பட்டங்களையும், இரத்த அணுக்கள் சிதைதல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் கலாநிதிப் பட்டத்தையும் அடைந்தார். எம். பி. பரீட்சையில் வைத்தியம், சத்திரவைத்தியம் இரண்டிலும் முதன்மை பெற்றார்.

இத்துணைப் பட்டங்கள் எதற்கு என்று அக்காலத்தில் எவரேனும் வினவியிருப்பின் விடை கூறுதல் அரிதாயிருந்திருக்கும். விடை வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றது.

1901 இல் டாக்கா வைத்தியப் பாடசாலையிலும், 1905 முதல் கல்கத்தா காம்பெல் வைத்தியப் பாடசாலையிலும் அவர் ஆசிரியராகவும் வைத்தியராகவும் கடமையாற்றினார். காம்பெல் வைத்தியசாலையில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டு. அந்நாளில் வங்காளத்தையும் அசாமையும் காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் வாட்டியது. காய்ச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும். மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். உடல் கறுத்து மெலியும். வைத்தியம் பெறாதவருள் 100 பேரில் 90 பேருக்கு மேல் இறந்தனர். அந்நோயின் கிருமியை 1903 இல் லீஷ்மனும், சென்னையிற் பணியாற்றிய டொனவனும் கண்டறிந்தனர். 1915 அளவில் அந்திமனி என்னும் மூலகத்தின் உப்பொன்று மருந்தாக வழங்கத் தொடங்கிற்று. ஆயின் அதனைப் பல வாரம் ஊசிமூலம் ஏற்ற வேண்டும். அதன் நச்சுத்தன்மையைத் தாங்காது தளர்ந்த நோயாளரும் உளர்.

இக்குறையை நாள்தோறும் நோயாளரின் படுக்கையருகே கண்டவர் பிரமச்சாரி. கண்டோர் வேறு பலரும் இருந்தனர். ஆனால், அந்திமனியை வேறொரு சேர்க்கையாக மாற்றினால் நஞ்சு குறைந்து பயன் மிகும் என்று எண்ணி, அதனைத் தம் கையாலேயே ஆக்கிப் பார்க்கும் கல்வி அவரிடம் இருந்தது. 1919 இன் இறுதியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் பொருளுதவி அளித்தது. வைத்தியசாலையில் அவருக்குக் கிடைத்ததோ ஒரு சிற்றறை. அதில் எரிவாயு இல்லை, குழாய்நீர் இல்லை, இரவு வேலைக்கு ஒரு பழைய மண்ணெண்ணெய் விளக்கே துணை. அவ்வறையிலே, அந்திமனிச் சேர்க்கையொன்றை யூரியாவோடு இணைத்து, யூரியா ஸ்திபமின் என்னும் மருந்தை ஆக்கினார். 1922 இல் அதன் பயன் வெளியிடப்பட்டது. பல வாரம், சில வேளை மாதங்கள், நீண்ட சிகிச்சை இரண்டு மூன்று வாரமளவிற் சுருங்கியது. அசாமிற் பெருந்தொகையினர்க்கு வழங்கப்பட்டபோது இறப்பு 100 க்கு 10 அளவாகக் குறைந்தது. இலட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர்.

1929 இல் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1934 இல் சேர் பட்டம் பெற்றார். 1936 இல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1946 ஆம் ஆண்டு பெப்ருவரி 6 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். இன்று அந்நோய்க்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. 2023 இல் வங்காளதேசம், அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் அகற்றிய முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அந்நெடும் போரின் தொடக்கத்தில் அச்சிற்றறை விளக்கு நிற்கின்றது.

இவ்வரலாற்றைக் கொண்டு, எல்லோரும் முதலில் எம். ஏ. கற்க வேண்டும் என முடிவு செய்தல் பொருந்தாது. நேரே வைத்தியம் பயின்று ஊர்தோறும் உயிர் காத்தோர் எண்ணிறந்தோர். மேற்பட்டத்துக்குக் காலமும் தந்தையின் பொருளும் செலவாகும். அதனை மறத்தலும் ஆகாது. ஆயின் ஒன்று தெளிவு. இரசாயனக் கல்வி இன்றேல் அவர் அம்மருந்தை ஆக்கியிருத்தல் இயலாது. நோயாளரிடையே கழித்த ஆண்டுகள் இன்றேல் எம்மருந்து வேண்டும் என்பதையே உணர்ந்திருக்கமாட்டார். கல்வியும் அனுபவமும் ஒன்றற்கொன்று பகையல்ல. எது முன், எது பின் என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது.

ஆதலின் மாணவர்காள், வைத்தியக் கல்லூரியின் கதவு திறக்கும்வரை பொழுது போக்குதற்காக ஒரு பாடத்தையேனும் தொழிலையேனும் தேராதீர். அக்கதவு என்றும் திறவாதாயினும் விரும்பிச் செய்வீரா என்று உம்மையே வினவித் தேருக. அவ்வாறு தேர்ந்தது வீண்போகாது. வைத்தியரானால் நோயாளருக்கு உதவும். ஆகாவிடினும் அதுவே உமக்கு வாழ்வாகும்.