மூக்கும் குருதியமுக்கமும்: ரூஸ்வெல்ட்டின் இறுதி ஆண்டுகள்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான எமது கரையோர ஊர்களில் வயதானவர் ஒருவருக்கு மூக்கால் இரத்தம் வடிந்தால், பிரசர் கூடிவிட்டதென்று வீட்டார் பதறுவது வழக்கம். அதை நாம் குறை கூறவில்லை. இரத்தம் வடியாதவரை பிரசர் இல்லையென்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவதே எமக்குக் கவலை தருகிறது. மூக்கின் முன்புறச் சவ்வு வரள்வதாலேயே பெரும்பாலும் இரத்தம் வடிகிறது. உயர் குருதியமுக்கம் அதனை உண்டாக்குகிறதா என்பதில் வைத்திய உலகில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை; வடிவது நிற்கத் தாமதமாகலாம், அவ்வளவே. குருதியமுக்கமோ பலரிடம் எந்த அறிகுறியும் காட்டாமலேயே ஏறுகிறது.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. 1882 இல் பிறந்த அவர், 39 ஆவது வயதில் கால்கள் செயலிழந்த பின்னரும் நான்கு முறை ஜனாதிபதியாகத் தெரிவானவர். 1933 இல் பதவியேற்றபோது அவரை அடிக்கடி வருத்தியவை சளியும் மூக்கடைப்பும்தான். ஆகவே காது, மூக்கு, தொண்டை நிபுணரான ரொஸ் மெக்கின்டயர் அவரது வைத்தியரானார். மூக்குக்குப் பராமரிப்பில் குறைவிருக்கவில்லை. குருதியமுக்கம் 1937 இல் 162/98 ஆகவும், 1941 இல் 188/105 ஆகவும் இருந்தது.

மகள் ஆனாவின் வற்புறுத்தலினால் 1944 மார்ச்சில் இருதய நிபுணர் ஹொவார்ட் புருயென் அவரைப் பரிசோதித்தார். இருதயம் பெருத்துப் பலவீனமுற்றிருந்தது. மக்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. தமக்கு என்ன நோயென்று ரூஸ்வெல்ட்டும் கேட்கவில்லை. நாட்டை ஆண்டவரே இப்படியென்றால் எமது வீட்டுப் பெரியவர்களை நோவானேன்!

உப்பைக் குறைத்தல், ஓய்வு, டிஜிட்டாலிஸ் ஆகியவற்றுக்கு மேல் அன்று அவருக்குக் கொடுக்க அதிகம் இருக்கவில்லை. சர்ப்பகந்தா வேர் குருதியமுக்கத்தைத் தணிக்குமென்று 1931 இலேயே கல்கத்தா வைத்தியர் இருவர் எழுதியிருந்தனர். யுனானி மேதை ஹக்கீம் அஜ்மல் கானின் டெல்லி திப்பியாக் கல்லூரியிலும் அவ்வாண்டு அந்த வேர் ஆராயப்பட்டது. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வகீல் 1949 இல் பிரித்தானிய சஞ்சிகையொன்றில் எழுதிய பின்னரே மேற்குலகம் அதனைப் பொருட்படுத்தியது.

1945 ஏப்ரல் 12 ஆம் திகதி, தமது உருவத்தை ஓவியர் வரைந்துகொண்டிருந்தபோது, ரூஸ்வெல்ட் தலையில் கடும் வலியென்றார். மூளையில் இரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது குருதியமுக்கம் 300/190, வயது 63. இந்த இலக்கங்களையெல்லாம் புருயென் விரிவாக வெளியிட்டது 1970 இல்தான்.