கொசுவைக் கண்டவர் போட்ட கணக்கு

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறவரா நீங்கள்? பேகம்பேட்டை பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் பார்த்தது அங்கேதான். உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டு வளர்த்த கொசு அது. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி!

இதுவரைக்கும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது.

1857ல் அல்மோராவில் பிறந்த ராஸுக்கு மருத்துவத்தில் ஆசையே இல்லை. அப்பாவின் கட்டாயத்தில் டாக்டரானார். கவிதை எழுதினார், கணிதத்தைத் தானாகவே படித்தார். 1902ல் நோபல் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு லாகூர் அருகே மியான் மீரில் தொடங்கிய கொசு ஒழிப்பு முயற்சி தோற்றுப்போனது. எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா, அப்புறம் எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள்.

ராஸ் கணக்கில் பதில் சொன்னார். 1908ல் மொரீஷியஸ் அறிக்கையிலும், 1911ல் விரிவாகவும். ஒரு நோயாளியை எத்தனை கொசு கடிக்கும், அதில் எத்தனை பிழைத்து இன்னொருவரைக் கடிக்கும்? ஒரு நோயாளியால் உருவாகும் புது நோயாளிகள் சராசரியாக ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தானாகவே அடங்கும். கொசு பூஜ்யமாக வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே வந்தால் போதும். கொரோனா காலத்தில் தினமும் கேட்ட அந்த 'ஆர்' எண் ஞாபகம் இருக்கா? அதன் வேர் இங்கேதான்.

1901ல் ராஸோடு சியரா லியோன் போன இளம் மருத்துவர் மெக்கென்ட்ரிக், பிறகு இந்தியாவில் பணியாற்றினார். 1927ல், பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்கோடு சேர்ந்து அவர் எழுதிய சமன்பாடுகளைப் பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது.

கக்குவான் இருமல் ஏன் 2 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை அலையாகத் திரும்புகிறது என்பதற்கும் அந்த வழியில்தான் விடை தேடுகிறார்கள். ஓர் அலை முடிந்ததும் பலருக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். பாக்டீரியாவுக்கு ஆள் கிடைக்காது. பிறகு குழந்தைகள் பிறந்துகொண்டே இருப்பார்கள், பழைய எதிர்ப்புச் சக்தியும் தேயும். காய்ந்த விறகு சேருகிற மாதிரி. எல்லை தாண்டினால் ஒரு பொறி போதும். தடுப்பூசி செய்வது இந்த விறகைக் குறைக்கும் வேலை.

ராஸ் 1932ல் லண்டனில் இறந்தார். கொசுவைக் கண்டதைவிட இந்தக் கணக்கே தன் முக்கியப் பணி என்று அவர் நினைத்தார். பேகம்பேட்டைக் கட்டடத்தை ஊர் நினைவில் வைத்திருப்பது என்னவோ கொசுவுக்காகத்தான்.