அரசிதழை யார் படிக்கிறார்கள்?



ஒரு நிமிடம் இப்படி நினைத்துப் பாருங்கள். நம் குடியிருப்போர் சங்கம் சட்டவிரோதமானது என்று அரசு ஒரு நாள் அறிவித்துவிடுகிறது. அறிவிப்பு அரசிதழில் வருகிறது. உங்கள் கதவை யாரும் தட்டவில்லை. கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒரு காகிதம்கூட வந்து சேரவில்லை. நீங்கள் வழக்கம்போல் படூரிலிருந்து சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ வேலைக்குப் போய்த் திரும்புகிறீர்கள். மாதம் பிறந்ததும் மெயின்டனன்ஸ் கட்டுகிறீர்கள். இனிமேல் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாது. ஆட்சேபம் சொல்ல அரசு கொடுத்த கெடுவும் நீங்கள் அறியாமலே முடிந்துபோகிறது.

கற்பனை கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் 1950இல் சென்னையில் ஒரு சங்கத்துக்கு ஏறக்குறைய இதுதான் நடந்தது. அதுவும் நம்மைப் போலவே முறையாகப் பதிவு செய்யப்பட்ட சங்கம்தான். அந்த நடவடிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் எம். பதஞ்சலி சாஸ்திரி, சுதந்திர இந்தியாவின் இரண்டாவது தலைமை நீதிபதி. நம் ஊர்ப் பக்கத்து மனிதர். எம் என்ற எழுத்து மண்டகொளத்தூர் என்ற ஊரைக் குறிக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் இருக்கிறது.

1889 ஜனவரி 4 அன்று பிறந்தார். தகப்பனார் கிருஷ்ண சாஸ்திரி, பச்சையப்பன் கல்லூரியில் சமஸ்கிருதப் பண்டிதர். மகனுக்கு இலக்கண முனிவரின் பெயரை வைத்ததில் ஆச்சரியம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சட்டமும் முடித்து, 1912இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். மேடையில் முழங்கிய வக்கீல் அல்ல. வருமான வரிச் சட்டத்தில் ஊறியவர். 1922இல் வருமான வரி ஆணையருக்கே நிலையான வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். வரி வழக்குகளில் நோட்டீஸ் எப்போது போனது, யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். பிற்காலத் தீர்ப்புகளில் அவர் காட்டிய கவனம் இந்தப் பழக்கத்தில் வந்தது என்றே எனக்குத் தோன்றும்.

1939 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க வந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வழக்குகளை சிட்னி வாட்ஸ்வொர்த்துடன் அமர்ந்து கேட்டது அந்தக் காலத்தில்தான். 1947 டிசம்பரில் டெல்லி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். 1950 ஜனவரியில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஃபெடரல் கோர்ட் உச்ச நீதிமன்றமாக மாறியபோது, முதல் நாளிலிருந்தே அதில் இருந்தார். தனிக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்ற வளாகத்தில், மன்னர்கள் அவைக்காகக் கட்டிய மண்டபத்தில் நீதிமன்றம் நடந்தது.

அந்த முதல் வருடத்திலேயே சென்னையிலிருந்து வழக்குகள் வரிசையாக வந்தன. கம்யூனிஸ்ட் கட்சிக்கு இங்கே தடை இருந்த காலம். ஏ.கே. கோபாலன் தடுப்புக் காவலில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில், தடுப்புக் காவலுக்கு அரசியலமைப்பே இடம் கொடுத்திருக்கிறது என்று கருதிய பெரும்பான்மை நீதிபதிகளோடு சாஸ்திரியும் நின்றார். தீர்ப்பு 1950 மே 19 அன்று வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் வார இதழைச் சென்னைக்குள் விடக் கூடாது என்று மாநில அரசு போட்ட தடையை ரத்து செய்து தீர்ப்பு எழுதியவரும் இவரே. பேச்சுரிமைக்குத் தடை போட அன்றைய அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களில் நாட்டின் பாதுகாப்பு இருந்தது, பொது ஒழுங்கு இல்லை. உள்ளூரில் ஏதாவது சலசலப்பு வரலாம் என்ற பயத்தை நாட்டின் பாதுகாப்பு என்று நீட்ட முடியாது என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அரசுக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லை. 1951 ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது; பொது ஒழுங்கும் காரணங்களில் சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே சேர்ந்தது. நிலச் சீர்திருத்தங்களைக் காப்பாற்றும் பிரிவுகளும் அந்தத் திருத்தத்திலேயே இருந்ததால் ஜமீன்தார்கள் நீதிமன்றம் போனார்கள். தன் தீர்ப்பைத் தாண்டுவதற்காகவும் கொண்டுவரப்பட்ட திருத்தம் செல்லுமா என்று முடிவு செய்யும் அமர்வில் சாஸ்திரியும் இருந்தார். செல்லும் என்று எழுதினார். சட்டம் இயற்றும்போது அரசு எல்லைக்குள் நிற்க வேண்டும். ஆனால் அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, அதை நீதிபதி பிடுங்க முடியாது என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தைப் பின்னால் வந்த நீதிபதிகள் மாற்றினார்கள். நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலை இன்று இல்லை. எனக்கும் பின்னால் வந்ததே சரி என்று படுகிறது. இருந்தாலும், தன் தீர்ப்பு அடிபட்டதைப் பொருட்படுத்தாமல் அப்படி எழுத ஒரு நெஞ்சம் வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன சங்கத்துக்கு வருவோம். அதன் பெயர் பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி. 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் சென்னையில் பதிவானது. பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் என்ற வக்கீல். மக்களுக்குப் பயனுள்ள அறிவைப் பரப்புவதே தங்கள் வேலை என்றார் அவர். சங்கத்தின் பணம் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத்துக்குப் போகிறது என்றது அரசு. 1950 மார்ச் 10 அன்று சட்டவிரோதச் சங்கம் என்று உத்தரவு வந்தது. ராவ் உயர் நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு சட்டத்தைத் திருத்தி, ஓர் ஆலோசனைக் குழுவைச் சேர்த்துப் பார்த்தது. அப்படியும் தலைமை நீதிபதி ராஜமன்னார் உட்பட மூன்று நீதிபதிகளும் அந்தப் பிரிவு செல்லாது என்றார்கள். அரசு டெல்லிக்கு அப்பீல் செய்தது.

1952 மார்ச் 31 அன்று, அப்போது தலைமை நீதிபதியாக இருந்த சாஸ்திரி ஐந்து நீதிபதிகளுக்காகவும் தீர்ப்பு எழுதினார். அந்தச் சங்கம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்த வகுத்திருந்த வழியைப் படிப்படியாகப் பார்த்தார். சங்கம் ஆபத்தானது என்று அரசு நினைத்தாலே போதும். அந்த எண்ணத்துக்கு அடிப்படை உண்டா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. ஆலோசனைக் குழு காகிதங்களைப் பார்க்கும். சங்கத்தார் நேரில் வந்து பேச முடியாது, வக்கீல் வைக்கவும் முடியாது. எல்லாவற்றையும்விட, அறிவிப்பு உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர வழியே செய்யவில்லை. நிர்வாகிகள் கையில் கொடுக்க வேண்டும் என்றோ அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. அரசிதழில் போட்டால் போதும். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம் என்ற பொருளில், கொஞ்சம் கிண்டலாகவே, சாஸ்திரி எழுதினார். கெடு முடிந்துவிட்டால் பேசும் உரிமையும் போயிற்று. சிறை மட்டும் மிச்சம்.

ஆகவே இது நியாயமான கட்டுப்பாடு அல்ல, செல்லாது என்றார். நியாயம் எது என்று பார்க்க ஓர் அளவுகோலும் தந்தார். பறிக்கப்படும் உரிமை என்ன, எந்தத் தீமையைத் தடுக்க, அந்தத் தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரம், போடும் தடை அதற்கு ஏற்ற அளவா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எழுபது வருடத்துக்கு மேலாகியும் நீதிமன்றங்களில் அந்த அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. அதே தீர்ப்பில் நீதிபதிகளுக்கும் ஒரு கடிவாளம் போட்டார்: அரசியலமைப்பு தங்களைப் போல நினைப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் தேவை என்று கருதியதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

நம் சங்கம் அரசு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவருக்கு அபராதம் போடும் முன் அவருக்குத் தகவல் போனதா, அவர் பக்கத்தைக் கேட்டோமா என்று நம் கமிட்டியைப் பார்த்து நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டோமே என்பது பதிலாகாது.

சாஸ்திரி எப்போதும் குடிமக்கள் பக்கமே நின்றார் என்று நினைத்துவிட வேண்டாம். வி.ஜி. ராவ் தீர்ப்புக்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பு, மேற்கு வங்க அரசு தான் விரும்பிய வழக்குகளைத் தனி நீதிமன்றங்களுக்கு அனுப்பலாம் என்ற சட்டம் சமத்துவத்துக்கு விரோதம் என்று மற்ற நீதிபதிகள் சொன்னபோது, அவர் ஒருவர் மட்டும் அரசை நம்பலாம் என்று மாறுபட்டு நின்றார். அதில் நான் அவரோடு இல்லை.

1954 ஜனவரி 3 அன்று, 65 வயது நிறையும் தறுவாயில் ஓய்வு பெற்றார். 1958 முதல் 1962 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1963 மார்ச் 16 அன்று காலமானார்.

நான்கு வருடம் கழித்து, 1967இல், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் மேல் பலருக்கும் கடுமையான மனக்குறைகள் உண்டு. அது வேறு கட்டுரைக்கு. ஆனால் ஒரு சங்கத்தைத் தடை செய்யும் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். சாஸ்திரி சொன்ன குறைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கும். முப்பது நாளுக்குள் விஷயம் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தடை ஏன் கூடாது என்று சொல்லச் சங்கத்துக்கு அங்கே வாய்ப்பு உண்டு. அறிவிப்பை அரசிதழில் போட்டால் மட்டும் போதாது. நாளிதழில் வர வேண்டும், சங்கத்துக்கும் சார்பு செய்ய வேண்டும். அதற்குச் சட்டம் காட்டும் வழிகளில், அலுவலகத்தில் கண்ணில் படும்படி ஒட்டுவதும் நிர்வாகிகள் கையில் கொடுப்பதும் இருக்கின்றன. சங்கம் இயங்கும் பகுதியில் பறை அடித்தோ ஒலிபெருக்கி வைத்தோ ஊருக்குச் சொல்வதும் இருக்கிறது.