கதவைத் திறந்துவிட்ட நெசவாளி மகன்

பழைய மாணவர்கள் நாம் கூடும்போதெல்லாம், ஊருக்கும் கல்லூரிக்கும் ஏதாவது செய்யணும் என்ற பேச்சு வரும். பணம்கூடச் சேர்ந்துவிடும். அதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற இடத்திலேதான் வண்டி நின்றுவிடும். இந்த நேரத்தில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் ஆண்ட்ரூ கார்னெகி.

1835 நவம்பர் 25 அன்று ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்தது, கைத்தறி ஓய்ந்தது. அப்புறம் அந்த வீட்டு அடுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த நம் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரிலே பிட்டன்கிரீஃப் என்று ஒரு எஸ்டேட். பழைய மடாலயத்தை ஒட்டிய அழகான சோலை. வருஷத்துக்கு ஒருநாள் ஊராருக்குத் திறந்துவிடுவார்கள். மடாலய இடிபாடுகளில் ஊர் மக்களுக்கும் உரிமை உண்டு என்று வாதாடியவர்கள் ஆண்ட்ரூவின் தாய்வழி உறவினர். அந்தக் கோபத்தில், அந்தக் குடும்பத்தார் யாரும் உள்ளே வரக்கூடாது என்று எஸ்டேட்காரர் தடை போட்டுவிட்டார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உள்ளே ஓட, இவன் மட்டும் வெளியே நின்றான்.

பிழைப்புத் தேடி 1848-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பையனுக்குப் பருத்தி ஆலையில் வேலை. வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஆண்டர்சன் என்ற கர்னல் தம் வீட்டிலிருந்த சுமார் 400 புத்தகங்களை உழைக்கும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். ஆண்ட்ரூவின் படிப்பெல்லாம் அங்கேதான். அந்த நன்றியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ரயில்வே, பங்கு முதலீடு, இரும்புப் பாலம், எஃகு என்று படிப்படியாக உயர்ந்தார். 1901-இல் ஜே.பி. மார்கனிடம் எஃகுத் தொழிலை விற்றபோது விலை 48 கோடி டாலர்!

ஆனால் ஒரு கறையையும் சொல்லத்தான் வேண்டும். 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் நின்றார்கள். நிர்வாகி ஃபிரிக் கூலிக்காவலர்களைப் படகில் இறக்கினார். மோதலில் குறைந்தது 10 பேர் மாண்டார்கள். கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆனாலும் பொறுப்பு அவரை விட்டுப் போகவில்லை. 1898-இல் அதே ஊரில் நூலகம் திறந்தார். தினம் 12 மணி நேரம் உலையடியில் வேகிறவன் எப்போது போய்ப் படிப்பான்?

பணக்காரனாகவே சாவது அவமானம் என்பது அவர் கொள்கை. உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. கட்டடத்துக்கு நான் தருகிறேன். இடம் நீங்கள் தாருங்கள், நான் தருவதில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்பது நிபந்தனை. ஊரார் தோள் கொடுத்தால்தான் எதுவும் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. ஹோம்ஸ்டெட்டை நினைத்து, இந்தப் பணமே வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தம்மை வெளியே நிறுத்திய அந்தப் பிட்டன்கிரீஃபையே 1902-இல் விலைக்கு வாங்கினார். தாம் குடியேறுவதற்கா? இல்லை. ஊருக்கே பூங்காவாகக் கொடுத்துவிட்டார். 1903-இல் டன்ஃபர்ம்லினுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவி, 25 லட்சம் டாலர் கடன்பத்திரங்களை ஒப்படைத்தார். அசலைத் தொடாமல் வருமானத்தைச் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பதை உள்ளூர் அறங்காவலர்களிடமே விட்டார். நகரசபை வரிப்பணத்தில் செய்ய வேண்டியதை நீங்கள் செய்யாதீர்கள். புதிதாக முயலுங்கள், தவறினால் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடுங்கள் என்பதுதான் அவர் காட்டிய வழி. இசை, நீச்சல், கைத்தொழில் கல்வி, பள்ளிப்பிள்ளைகளின் உடல்நலம் என்று வேலை விரிந்தது. காலப்போக்கில் உள்ளூர்ச் சங்கங்கள், விளையாட்டுக் குழுக்கள், கலை அமைப்புகளுக்கு நிதி வழங்குவதே முக்கியப் பணியாயிற்று. ஒரு குழுவுக்கு வாத்தியம், இன்னொன்றுக்கு விளையாட்டுச் சாமான் என்று சிறுசிறு தொகைகள்தான். அந்தச் சிறு தொகைதான் பல குழுக்களை நிற்க வைக்கும்.

1919 ஆகஸ்ட் 11-இல் கார்னெகி காலமானார். அதற்குள் சுமார் 35 கோடி டாலரைக் கொடுத்து முடித்திருந்தார். அவர் கொடையில் மூன்று பாடங்கள் இருக்கின்றன: ஊரை அறிந்தவர் கையில் பொறுப்பைக் கொடு, வாங்குகிறவரையும் பங்காளியாக்கு, தவறிவிடுமோ என்று பயந்து நிற்காதே. ஹோம்ஸ்டெட் நான்காவதையும் சொல்கிறது: பணம் யார் வியர்வையில் வந்ததோ அவர்களை முதலில் நினை.

நண்பர்களே, நம்மிடம் கோடிகள் இல்லை. ஆனால் நாம் படித்த ஊரில் வெளியே நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு கதவையாவது திறக்கலாமே!