அனாத்தோத்துக்கு அனுப்பப்பட்ட குரு

நோபே என்னும் குருக்களின் ஊரிலே ஒரே நாளில் 85 குருக்கள் வெட்டுண்டு மடிந்தனர். பெண்களும் பாலகரும் ஆடுமாடுகளுங்கூடத் தப்பவில்லை. அக்கொலைக்களத்திலிருந்து ஒருவர் மாத்திரம் உயிர்தப்பி ஓடினார். தலைமைக் குருவாயிருந்த அக்கிமெலேக்கின் மகன் அபியாத்தாரே அவர்.

அக்கிமெலேக் செய்த குற்றந்தான் என்ன? சவுல் அரசனுக்கு அஞ்சிப் பசியோடு வந்த தாவீதுக்குத் திரு அப்பங்களையும் கோலியாத்தின் வாளையும் கொடுத்தார், அவ்வளவே. ஏதோமியனான தோயேக் அதைக் கண்டு அரசனிடம் கோள் சொன்னான். ஆண்டவரின் குருக்கள்மேல் கைவைக்கச் சவுலின் காவலர் மறுத்துவிட்டனர். கோள் சொன்னவனே வாளையும் ஏந்தினான்.

இந்த அப்பங்களின் நிகழ்ச்சியை நம் ஆண்டவர் பரிசேயருக்கு எடுத்துக்காட்டியதை வாசகர் அறிவர். அவ்விடத்தில் மாற்கு குறிப்பிடும் குருவின் பெயர் அக்கிமெலேக் அன்று, அபியாத்தார். மத்தேயுவும் லூக்காவும் பெயரே சொல்லவில்லை. இதற்கு வேத அறிஞர் பலவாறு விளக்கம் கூறுவர். தந்தையைவிட மகனின் பெயரே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நோபேயில் சிந்திய இரத்தத்துக்குப் பின்னால் ஒரு பழைய இறைவாக்கு நின்றது. அபியாத்தார் சீலோவில் குருவாயிருந்த ஏலியின் வழிவந்தவர். ஏலியின் மகன் பினேகாஸ், அவன் மகன் அக்கித்தூப், அவர் மகன் அக்கிமெலேக். அந்நாளிலே குருத்துவம் குடும்ப வழியாய் வருவது. இன்று போலத் தனித்தனி அழைத்தலால் வருவதன்று. ஏலியின் மக்கள் ஒப்னியும் பினேகாசும் பலியின் கொழுப்பு எரிக்கப்படுமுன்னரே தங்களுக்கு வேண்டிய இறைச்சியை வலிந்து பறித்தனர். திருக்கூடார வாயிலில் பணிசெய்த பெண்களோடு பாவஞ் செய்தனர். ஏலி கண்டித்தார், ஆனால் வாயால் மாத்திரம். பெயர் சொல்லப்படாத இறையடியார் ஒருவர் வந்து, அவருடைய குடும்பத்தின் வலிமை முறிக்கப்படும், அவ்வீட்டில் முதுமை காண்பவர் இரார், வேறொரு நம்பிக்கைக்குரிய குரு எழும்புவார் என்று அறிவித்தார். பின்னர் சிறுவன் சாமுவேல் வாயிலாகவும் அத்தீர்ப்பு உறுதிப்படுத்தப்பட்டது. பெலிஸ்தியரோடு நடந்த போரில் மக்கள் இருவரும் ஒரே நாளில் மாண்டனர். உடன்படிக்கைப் பேழையும் பறிபோயிற்று. பேழை போன செய்தி கேட்டதும் 98 வயதான ஏலி கதிரையிலிருந்து பின்புறமாய் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார்.

அபியாத்தார் ஒப்னியைக் கண்டவருமல்லர், அவன் வழியில் நடந்தவருமல்லர். நோபேயிலிருந்து ஓடியபோது அவர் கையோடு கொண்டு வந்தது எபோத்து என்னும் குருத்துவ உடை. தம்மால் ஒரு குடும்பமே அழிந்ததென்று மனம் நொந்த தாவீது அவரைத் தம் உயிர்போல் காப்பதாக வாக்களித்தார். அன்று தொடங்கிய நட்பு நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. கெயிலா நகரத்தார் தம்மைக் காட்டிக்கொடுப்பார்களோ என்று தாவீது ஆண்டவரிடம் கேட்டது அபியாத்தாரின் எபோத்தைக் கொண்டே. சிக்லாக் ஊரை அமலேக்கியர் எரித்து மனைவி மக்களைச் சிறைபிடித்துப் போனபோது, சொந்த வீரரே தாவீதைக் கல்லெறிய நினைத்தனர். அந்த வேளையிலும் அவர் அருகில் நின்றவர் இக்குருதான்.

தாவீது அரசரானதும் எருசலேமில் அபியாத்தாரோடு சாதோக் என்ற இன்னொரு குருவும் பணிபுரிந்தார். சாதோக் ஆரோனின் மகன் எலெயாசாரின் வழியினர். ஏலியின் குடும்பமோ இத்தாமாரின் வழி. அப்சலோம் தந்தைக்கெதிராய்க் கிளம்பியபோது இருவரும் ஒருமனமாய் நின்றனர். அபியாத்தாரின் மகன் யோனத்தான் ரோகேல் ஊற்றருகே காத்திருந்து, உளவுச் செய்தியோடு ஓடி, பகூரிமில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் ஒளிந்தான். வீட்டுக்காரி கிணற்றின்மேல் துணி விரித்துத் தானியம் பரப்பி அவனையும் கூட இருந்தவனையும் காப்பாற்றினாள்.

அதே ரோகேல் ஊற்றருகேதான் அபியாத்தார் தவறினார். தாவீது தளர்ந்து படுக்கையிலிருக்க, மகன் அதோனியா தானே அரசனென்று சொல்லி அங்கு விருந்து வைத்தான். படைத்தலைவன் யோவாபும் அபியாத்தாரும் அவன் பக்கம் சேர்ந்தனர். சாதோக்கும் இறைவாக்கினர் நாத்தானும் சேரவில்லை. மூத்த மகனுக்கே அரசுரிமை என்ற எண்ணமோ, சாதோக்கின்மேல் பொறாமையோ, இரண்டுமோ! விருந்து முடியுமுன்னரே சாலமோன் கீகோனில் அபிஷேகம் பெற்ற செய்தி வந்தது. அதைக் கொண்டுவந்தவன் அதே யோனத்தான். விருந்தினர் அஞ்சிக் கலைந்தனர்.

பின்னர் அதோனியாவும் யோவாபும் கொல்லப்பட்டனர்; யோவாபோ பலிபீடத்தருகிலேயே. அபியாத்தாரைச் சாலமோன் கொல்லவில்லை. தம் தந்தைக்குமுன் பேழையைச் சுமந்ததையும், தந்தையின் துன்பமெல்லாம் பகிர்ந்ததையும் எண்ணி, குருத்துவப் பணியினின்று நீக்கி, அனாத்தோத்தில் இருந்த அவருடைய சொந்த வயலுக்கு அனுப்பினார். அவர் இடத்தில் சாதோக் நியமிக்கப்பட்டார். சீலோவில் ஏலியின் வீட்டுக்கெதிராய்ச் சொல்லப்பட்ட வாக்கு இதில் நிறைவேறியதாக அரசர் நூல் வெளிப்படையாய்ச் சொல்கிறது. சாதோக்கின் வழியினரே கி.மு. 2ஆம் நூற்றாண்டுவரை தலைமைக் குருக்களாயிருந்தனர். புனித அகுஸ்தீனாரோ 'கடவுளின் நகரம்' 17ஆம் பாகத்தில், அந்த நம்பிக்கைக்குரிய குரு சாதோக்கோடு முடிந்துவிடவில்லை, கிறிஸ்துவே என்று விளக்குகிறார்.

பாட்டன் காலத்துத் தீர்ப்பு பேரனைப் பிடிப்பது நியாயமா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இறைவாக்கு அபியாத்தாரின் கையைப் பிடித்து அந்த விருந்துக்கு இழுத்துச் செல்லவில்லை. அவர் தம் காலால் நடந்து போனார். நாத்தானைப் போல அவரும் போகாதிருந்திருக்கலாம். கடவுள் முன்னறிந்ததும் மனிதன் விரும்பிச் செய்ததும் ஓரிடத்தில் சந்தித்தன. அந்தத் தீர்ப்பிலும் பழைய உழைப்பு மறக்கப்படவில்லை. உயிரும் வயலும் அவருக்கு மிஞ்சின.

அனாத்தோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. அபியாத்தாருக்குப் பின் மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, அவ்வூர்க் குருக்கள் குடும்பமொன்றில் எரேமியாஸ் பிறந்தார். அவர் அபியாத்தாரின் சந்ததியென்று வேத அறிஞர் பலர் கருதுவர்; வேதாகமம் அவ்வாறு கூறவில்லை. ஆயினும் எருசலேம் ஆலய வாயிலில் நின்று, சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள், இவ்வாலயத்துக்கும் அதுவே நேரும் என்று துணிந்து சொன்னவர் அவரே. சொந்த ஊராரே அவரைக் கொல்லத் தேடினர். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கையில், அதே அனாத்தோத்தில் தம் சிறிய தந்தையின் மகனுக்குரிய வயலொன்றைப் பதினேழு வெள்ளிச் சேக்கலுக்கு அவர் விலைக்கு வாங்கி, உறுதிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் இட்டுப் பத்திரப்படுத்தச் செய்தார்.