கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அநாதைச் சிறுவன்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை ஆனாலும் சரி, அமெரிக்காவின் நியூயார்க் ஆனாலும் சரி, கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில்தான் இருக்கும். இந்த 10 அடியை எந்த மகாநாடும் கூடி முடிவு செய்யவில்லை. ஒரு மண்டபத்தின் மேல்மாடம் தற்செயலாக அந்த உயரத்தில் இருந்தது. அங்கே கூடையை ஆணி அடித்து மாட்டச் சொன்னவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1861 நவம்பர் 6-ந் தேதி கனடா நாட்டில், ஆல்மாண்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் அவர் பிறந்தார். 1870-ல் டைபாய்டு ஜுரம் வந்தது. தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தார்கள். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. தாய்மாமன்தான் எடுத்து வளர்த்தார்.

வயல் வேலை, மர வேலை என்று பையன் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் காட்டில் மரம் வெட்டப் போனான். சில வருஷம் கழித்து மனம் மாறியது. தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படித்துத் தேறினான். பிறகு மாண்ட்ரீல் நகரில் மெக்கில் சர்வகலாசாலை. அதன் பின் பாதிரியார் படிப்பு.

பாதிரியார் ஆக வேண்டியவர் பந்தாட்டம் ஆடலாமா என்று வேண்டியவர்கள் முகம் சுளித்தார்கள். அவரோ விளையாட்டும் மனிதனை நல்வழிப்படுத்தும் என்று நம்பினார். 1890-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

14 நாள் கெடு

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிராளி பாய்ந்து கீழே தள்ளுவான். முரட்டு ஆட்டம். நெய்ஸ்மித்தும் அதை ஆடியவர்தான்.

அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். வெளியே ஆட முடியாது. 1891 டிசம்பரில் 18 வாலிபர்கள் கொண்ட ஒரு வகுப்பு, உள்ளே கை கால் ஆட்டும் பயிற்சி அலுத்துப்போய் முரண்டு பிடித்தது. கூரைக்குக் கீழே ஆட ஒரு புது ஆட்டம் வேண்டும் என்று மேலதிகாரி கூலிக் அவருக்கு 14 நாள் கெடு வைத்தார்.

நெய்ஸ்மித் யோசித்தார். பந்தோடு ஓடுவதால்தானே தள்ளுகிறார்கள்? ஓடக் கூடாது என்று வைத்தால் தள்ளத் தேவையில்லை. இலக்கு எதிரே இருப்பதால்தானே வேகமாக எறிகிறார்கள்? தலைக்கு மேலே வைத்தால் மெல்லத்தான் போட வேண்டும். இதுதான் முழு ரகசியம். 13 விதிகள் எழுதினார். காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இரண்டு கிடைத்தது. கூடைக்கு அடிப்பாகம் உண்டு. பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும்!

பக்கத்துக்கு 9 பேர். மொத்த வகுப்பும் ஆடியது. ஒருவன்கூட வெளியே உட்காரவில்லை.

அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆட்டம் வளர்ந்தது

நெய்ஸ்மித் வைத்தியமும் படித்து டாக்டர் ஆனார். 1898-ல் கான்சாஸ் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவர் பயிற்றுவித்த குழு 55 ஆட்டத்தில் வென்றது, 60-ல் தோற்றது! ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கணக்கு. அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆட்டத்தை வைத்துப் பணம் சேர்க்கவும் இல்லை.

1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பு மாணவர் அங்கே படிக்க வந்தார். நிறத்தைக் காட்டிக் கல்லூரிக் குழுவில் அவருக்கு இடம் மறுத்தார்கள். கிழவர் நெய்ஸ்மித் அவரைத் தம் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். மெக்லெண்டன் பிற்காலத்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஆனார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்கப் போட்டியாயிற்று. நெய்ஸ்மித் போய்ப் பார்க்கப் பயிற்சியாளர்கள் சங்கம் ஆட்டங்களில் சில்லறை திரட்டி அனுப்பி வைத்தது. 1939 நவம்பர் 28-ந் தேதி, 78-வது வயதில் காலமானார்.

எத்தனை பேருக்குச் சம்பளம்?

அவர் போன பிறகு கல்லூரி ஆட்டம் பெரும் பணம் புரளும் தொழிலாயிற்று. படிப்பைப் பாராமல், ஆட்டத் திறமைக்கே உபகாரச் சம்பளம் தரலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1956-ல் அனுமதித்தது. பணக்காரக் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டன. செலவும் ஏறியது. பெண்கள் விளையாட்டுக்கும் பங்கு தர வேண்டும் என்ற சட்டம் 1972-ல் வந்தது.

1973-ல் வரம்பு விதித்தார்கள். பெரிய கல்லூரிகளில் கால்பந்துக்கு 105 பேர். ஆண்கள் கூடைப்பந்துக்கும் வரம்பு வந்தது. பின்னர் கால்பந்துக்கு 95, அப்புறம் 85 என்று குறைத்தார்கள். கூடைப்பந்துக்கு 13 ஆயிற்று. களத்தில் நிற்பதோ 11 பேர், 5 பேர். 85 பேருக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வெட்டிய ஒவ்வோர் இடமும் ஓர் ஏழைப் பையனின் படிப்பாக இருந்திருக்கலாம். தாய்மாமன் தயவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

2025-ல் ஒரு வழக்குச் சமரசத்தால் நிலைமை மாறியது. அதை ஏற்ற கல்லூரிகளில் உபகாரச் சம்பளத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பதிலாகக் குழுவில் சேரும் தலைக்கே வரம்பு: கால்பந்தில் 105, கூடைப்பந்தில் 15. இதனால் சம்பளம் எதுவும் கேளாமல், ஆட வேண்டும் என்ற ஆசைக்காகவே சேர்ந்திருந்த பிள்ளைகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். நீதிபதி இதை ஆட்சேபித்தார். அப்படி நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்தால் அவர்களைக் கணக்கில் எண்ண வேண்டாம் என்று திருத்தம் செய்தார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கல்லூரியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்.